செஸ்ட் சீல் வாங்கும் முன்: ஈரத்தில் ஒட்டுமா, காற்றை வெளியே விடுமா?

அலகுமலையிலும் செட்டிபாளையத்திலும் வாடிவாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் மருத்துவக் குழு, கோவை ஃபவுண்டரிகளின் முதலுதவி அறை, சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ். இந்த மூன்று இடத்திலும் இருக்க வேண்டிய பொருள் செஸ்ட் சீல், அதாவது நெஞ்சில் விழுந்த ஓட்டையை மூடும் ஒட்டுத்தாள். மாட்டின் கொம்பு, தெறித்த இரும்புத் துண்டு, லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, இவற்றில் எது நெஞ்சைத் துளைத்தாலும் சிக்கல் ஒன்றுதான். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒட்டுத்தாள் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு பாக்கெட்டுக்கும் இன்னொன்றுக்கும் தரத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

நெஞ்சுச் சுவரில் ஓட்டை விழுந்தால், மூச்சை இழுக்கும்போது மூக்கு வழியாகப் போக வேண்டிய காற்று அந்த ஓட்டை வழியாகவும் உள்ளே போகும். ஓட்டை மூச்சுக்குழாய் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் காற்றுக்கு அதுவே சுலபமான வழியாகிவிடும். அந்தப் பக்கத்து நுரையீரல் சுருங்கும். அதனால்தான் ஓட்டையை மூடுகிறோம். ஆனால் நுரையீரலே கிழிந்திருந்தால், அதிலிருந்து கசியும் காற்று மூடிய நெஞ்சுக்குள் தேங்கி அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுத்து, ஆளையே கொன்றுவிடும். வெளிக்காற்று உள்ளே போகவும் கூடாது, உள்ளே தேங்கிய காற்று வெளியே வராமலும் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் செய்யாத சீலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எனவே முதல் தேர்வு வென்ட், அதாவது காற்று வெளியே மட்டும் போகும் வழி, உள்ள சீல். அமெரிக்க ராணுவத்தின் போர்க்கள மருத்துவ நெறிமுறை 2013-இல் இதற்கு மாறியது. வென்ட் உள்ளது கைவசம் இல்லாவிட்டால் மட்டும் வென்ட் இல்லாததை ஒட்டி, ஆளை விடாமல் கவனிக்கச் சொல்கிறது. ஹேலோ என்ற பிராண்டின் சீல் இந்த இரண்டாவது வகை. நன்றாக ஒட்டும் என்றாலும் பக்கத்திலேயே நின்று கவனிக்கத் தெரிந்த ஆள் இல்லாத இடத்துக்கு அதை வாங்க வேண்டாம்.

வென்ட் என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். நெஞ்சிலிருந்து காற்று மட்டும் வராது, ரத்தமும் வரும். ரத்தம் உறைந்து வழியை அடைத்தால் அந்த நொடியிலிருந்து வென்ட் உள்ள சீலும் வென்ட் இல்லாத சீல்தான். நடுவில் ஒற்றை வால்வு வைத்த வடிவங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பழைய ஆஷர்மன் சீலில் நடுவே கையுறை விரல் மாதிரி ஒரு ரப்பர் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அது அடைபடுவது ஒரு பக்கம், ஈரத் தோலில் சரியாக ஒட்டாதது இன்னொரு பக்கம். இன்றைக்குப் புதிதாக வாங்க அதில் ஒரு காரணமும் இல்லை. சாம் சீலின் குமிழ் வால்வு அதைவிட மேல், ஆனாலும் வழி ஒன்றுதான். ஹைஃபின் வென்ட், ரஸ்ஸல் போன்றவற்றில் வால்வுக்குப் பதிலாகத் தாளின் அடியில் பசையில்லாத தட்டையான தடங்கள் ஓரம் வரை ஓடும். ஹைஃபினில் இப்படி மூன்று. ஒன்று அடைத்தால் மற்ற இரண்டு மிஞ்சும். தேர்வு செய்யச் சொன்னால் நம் கை இந்தத் தட வடிவத்துக்குத்தான் போகும்.

அடுத்தது பசை. நம் ஊருக்கு வென்டை விட இதுதான் முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். சித்திரை வெயிலில் வேர்வை, ரோமம், புழுதி, ரத்தம் எல்லாம் கலந்த தோலில் ஒட்ட வேண்டும். ஹைட்ரோஜெல் பசை (நீர் கலந்த கூழ் போன்றது) ஈரத்தையும் ரோமத்தையும் ஓரளவு தாங்கும், தப்பாக ஒட்டினால் எடுத்து மறுபடி வைக்கவும் விடும். சாதாரண பிளாஸ்திரிப் பசை காய்ந்த தோலில் நன்றாகப் பிடித்து, வேர்வை பட்டதும் ஓரத்திலிருந்து கிளம்பும். மொத்தமாக வாங்குமுன் ஒரே ஒரு பாக்கெட் வாங்கி இப்படிச் சோதியுங்கள். ரோமமுள்ள கெண்டைக்காலைத் தண்ணீரால் நனைத்து, காஸ் துணியால் ஒரே ஒரு முறை துடைத்து, சீலை ஒட்டி, கால் மணி நேரம் வெயிலில் நடந்துவிட்டு வந்து ஓரங்களைப் பாருங்கள். நான்கு மூலையும் தோலோடு படுத்திருந்தால் நல்ல சரக்கு. மூலையில் நகம் நுழைகிற அளவு இடைவெளி தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். தாளை வளைத்தால் மடங்காமல் விறைப்பாக நிற்கிறதா என்றும் பாருங்கள். விலாவின் வளைவிலும் அக்குள் ஓரத்திலும் அப்படிப்பட்டது உட்காராது.

அளவு சுமார் 15 சென்டிமீட்டர் சதுரம் இருந்தால் பெரும்பாலான காயத்துக்குப் போதும். காயத்தின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் பசை இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. எப்போதும் இரண்டு சீல் உள்ள ஜோடிப் பாக்கெட்டாக வாங்குங்கள். முன்னால் ஒரு ஓட்டை தெரிந்தால் முதுகிலோ அக்குளிலோ இன்னொன்று இருக்கலாம். பாக்கெட்டைக் கிழிக்கும் வெட்டு ஈரக் கையுறையோடு பிடித்தால் கிழிகிறதா, பின்தாளை உரிக்கப் பெரிய நாக்கு இருக்கிறதா என்பதும் சின்ன விஷயமில்லை. வழுக்கும் விரலோடு அரை நிமிடம் பாக்கெட்டோடு மல்லுக்கட்டினால் பசை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

ஒட்டும் முறை: முதலில் 108. சட்டையை வெட்டி எடுத்து, கழுத்தடியிலிருந்து தொப்புள் வரை முன், பின், பக்கவாட்டு எல்லாம் பாருங்கள். ஓட்டையைக் கையுறைக் கையால் மூடியபடி சுற்றியுள்ள தோலை நன்றாகத் துடையுங்கள். பெரும்பாலான தோல்வி இந்தத் துடைப்பில் அவசரப்படுவதால்தான். காயம்பட்டவர் மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நேரத்தில் வென்டின் நடு ஓட்டைக்கு நேராக வரும்படி வைத்து, ஓரங்களை அழுத்தித் தேயுங்கள். காயத்துக்குள் துணியைத் திணிக்கக் கூடாது. கம்பியோ கொம்புத் துண்டோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, அசையாமல் சுற்றிலும் துணி வைத்து நிறுத்துங்கள். நினைவோடு இருந்தால் அவருக்கு வசதியான நிலையில் உட்கார வைக்கலாம். நினைவு தப்பினால் காயம்பட்ட பக்கம் கீழே வரும்படி சாய்த்துப் படுக்க வையுங்கள்.

ஒட்டியதோடு வேலை முடிந்துவிடாது. மூச்சு வேகமாகிக்கொண்டே போவது, பதற்றம், உதடு நீலமாவது, கழுத்து நரம்பு (ரத்தக்குழாய்) புடைப்பது, இவையெல்லாம் உள்ளே அழுத்தம் ஏறுவதன் அடையாளம். நிறைய ரத்தம் போயிருந்தால் நரம்பு புடைக்காமலும் இருக்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம். இந்த அடையாளங்கள் தெரிந்தால் உடனே சீலின் ஒரு ஓரத்தைத் தூக்குங்கள், காற்றும் ரத்தமும் வெளியே வரட்டும், துடைத்து மறுபடி ஒட்டுங்கள். அப்படியும் தேறாவிட்டால் சீலை முழுதாக எடுத்துவிடுங்கள். ஊசி போட்டுக் காற்றை இறக்குவது பயிற்சி பெற்றவர் வேலை, மற்றவர் தொடக் கூடாது.

இதனால்தான் எல்லார் வீட்டுக்கும் காருக்கும் ஒன்று வாங்கி வையுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. நின்ற மூச்சையும் இதயத்தையும் மீட்கும் சிகிச்சைக்கு நெறிமுறை வகுக்கும் ஐரோப்பிய ரிசசிட்டேஷன் கவுன்சில் 2015-இல் வெளியிட்ட முதலுதவி நெறிமுறை, சாதாரண முதலுதவியாளர் நெஞ்சு ஓட்டையைக் காற்றுப் புகாமல் மூடாமல் திறந்தே விடச் சொல்கிறது. ரத்தம் கொட்டினால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கலாம். தெரியாமல் அடைத்துவிட்டுப் போவதைவிடத் திறந்து விடுவது பாதுகாப்பு. மூன்று பக்கம் மட்டும் பிளாஸ்திரி ஒட்டிய பாலித்தீன் தாள் என்ற பழைய பாடம் ஈரத் தோலில் நிற்பதில்லை, அதை நம்பிச் சீல் வாங்காமல் இருக்கவும் வேண்டாம். தென்னை மரத்திலிருந்து விழுந்து விலா உடைந்து, தோல் கிழியாமல் இருப்பவருக்குச் சீலால் எந்தப் பயனும் இல்லை.

வாங்கும் இடம். கோவை, ஈரோடு சர்ஜிக்கல் கடைகளில் எல்லாம் கையிருப்பில் இருக்கும் பொருள் அல்ல, ஆர்டர் கொடுத்து வரவழைப்பதுதான் வழக்கம். நல்ல ஜோடிப் பாக்கெட் இறக்குமதியாகி வரும்போது ஆயிரங்களில்தான் விலை. அதில் சிறு பங்குக்கு ஆன்லைனில் கிடைப்பதைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இன்படி ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) டிரெஸ்ஸிங்கை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். "ஏனுங்க, இறக்குமதி உரிம எண்ணும் லாட் எண்ணும் காலாவதி தேதியும் தெரியற மாதிரி பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அனுப்பத் தயங்கும் கடையை விட்டுவிடலாம்.

ஒரு வண்டிக்கு இரண்டு ஜோடி, ஜல்லிக்கட்டு முகாமுக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகி ஓரத்துக்கு வழிந்துவிடும். வண்டியில் நோயாளி படுக்கும் பகுதியின் நிழலான பெட்டியில், மடிக்காமல், மேலே பாரம் ஏற்றாமல் வையுங்கள். காலாவதியான பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் பயிற்சிக்கு ஒதுக்கி, கையுறை நனைந்த கையோடு பிரித்து ஒட்டிப் பழகுங்கள். ஒட்டிய நேரத்தை மார்க்கர் பேனாவால் சீலின் ஓரத்திலேயே எழுதுங்கள், வென்ட் மேல் எழுதக் கூடாது. எத்தனை ஓட்டை, எத்தனை முறை ஓரம் தூக்கியது என்பதை அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டரிடம் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.