மூன்றடுக்கு மண்பானை உரக்கலன்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சமையலறைக் கழிவை உரமாக்குவதற்கென்று விற்கப்படும் மூன்றடுக்குச் சுடுமண் பானைத் தொகுப்பை 2,400 ரூபாய்க்கு வாங்கி, எட்டு மாதங்களாக மொட்டைமாடியில் வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். பானையில் குறையேதும் இல்லை. அதனுடன் வந்த தென்னை நார்க்கழிவுக் கட்டியையும் கையேட்டையும் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கழிவை மட்கச் செய்வது பானையன்று, அதனுள் பெருகும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளுமே. வாயோ வயிறோ இல்லாத இவ்வுயிர்கள் தம் நொதிகளை உடலுக்கு வெளியே சுரந்து, வாழைப்பழத் தோலிலும் கீரைத்தண்டிலும் உள்ள மாவுச்சத்தையும் செல்லுலோசையும் அங்கேயே சிதைத்து, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்கின்றன. இதற்கு ஈரமும் காற்றும் ஒருசேர வேண்டும். சுடுமண் சுவர் மிகுதியான நீரை ஈர்த்து வெளியேற்றுவதாலும், பக்கத் துளைகள் காற்றை உள்ளே விடுவதாலும், முன்பு நான் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியின் அழுகல் நாற்றம் இதில் எழவே இல்லை.

ஒவ்வொரு நாளும் கழிவின் மேல் ஒரு பிடி நார்க்கழிவைத் தூவினாலே போதும் என்கிறது கையேடு. நார்க்கழிவு நீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதில் மிகுந்திருக்கும் லிக்னினை, அதாவது மரத்துக்கு உறுதி தரும் கடினப் பொருளை, சிதைக்க வல்லவை பெரும்பாலும் சில வகைப் பூஞ்சைகள் மட்டுமே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை மட்க வைப்பதற்குச் சிப்பிக்காளான் வித்தையும் யூரியாவையும் பரிந்துரைப்பது இதனால்தான். என் முதல் பானையில் காய்கறித் தோல்கள் மறைந்த பின்னும் நார்த்துகள் வந்த நிறத்திலேயே கிடந்தது. பிறகு புங்கஞ்சருகுக்கு மாறினேன். சருகில் மிகுதியாக உள்ள கரிமம், மொத்தக் கலவையில் தழைச்சத்தைப்போல் (நைட்ரஜன்) 25 முதல் 30 மடங்கு இருக்குமாறு கலப்பது நல்லது என்பார்கள். நான் எடைபோட்டுப் பார்க்கவில்லை, கழிவுக்கு இணையான சருகைக் கண்ணளவாகவே இட்டேன். ஏழு வாரங்களில் கறுத்து உதிர்ந்த மட்கில், ஆக்டினோமைசீட் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மினின் புதுமழை மணம் இருந்தது.

கையேடு சொல்லாத இன்னொன்றும் உண்டு. பெருங்குவியல்களில் வெப்பம் 55 டிகிரி செல்சியசையும் தாண்டும். இத்தனை சிறிய பானையில் அது தங்குவதில்லை என்பதால் விதைகள் சாவதில்லை. என் ரோஜாத் தொட்டியில் இப்போது நான்கு தக்காளிச் செடிகள் நிற்கின்றன, அவற்றைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

உடன் தரும் நுண்ணுயிர்ப் பொடியும் முதல் முறைக்கு மட்டுமே பயன்பட்டது. அதன்பின் பழைய மட்கில் ஒரு பிடியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பானைகளை மட்டும் தனியே தருவார்களா என்று விற்பனையாளரிடம் கேட்டேன். தருகிறார்கள், 600 ரூபாய் குறைவாக.