ஓசி நிரோத்தும் காசு கொடுத்து வாங்கும் ஆணுறையும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கொடுக்கிற நிரோத் ஆணுறை சீக்கிரம் கிழிந்துவிடும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் நிறைய. ஓசியில் வருவதெல்லாம் மட்டம் என்ற நினைப்புதான், வேறொன்றுமில்லை. 1968-ல் மூன்று 15 பைசா என்று பெட்டிக்கடை வரைக்கும் வந்த சரக்கு இது. திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் லேடக்ஸ், இன்றைய எச்.எல்.எல்., நிரோத்தையும் செய்கிறது, கடையில் பளபளவென்று தொங்கும் மூட்ஸ் ஆணுறையையும் செய்கிறது.

இரண்டையும் பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், வித்தியாசம் சொகுசில்தான். நிரோத்தில் வழவழப்பு குறைவு, பிரித்த உடனே ரப்பர் வாடை மூக்கில் ஏறும், புள்ளி, வரி, சாக்லேட் மணம் எதுவும் கிடையாது. வழவழப்பு போதவில்லை என்று தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எண்ணெயோ வாசலினோ பட்டால் லேடக்ஸ் சில நிமிடங்களிலேயே பலமிழந்துவிடும், அப்புறம் கிழியாமல் என்ன செய்யும்? மருந்துக் கடையில் தண்ணீரில் கரையும் ஜெல் கிடைக்கும், அதுதான் சரி. 'நீண்ட நேரம்' என்று போட்டு விற்பதில் பெரும்பாலும் பென்சோகைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கும், அதற்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை.

காசு கொடுத்தால் மட்டும் நல்லது கிடைத்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. எங்கள் தெருமுனைக் கடையில் மதிய வெயில் நேராக விழும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே வாங்கிய பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு விரியவே இல்லை, கடைக்காரரோ மாற்றித் தர முடியாது என்றார், அவ்வளவு விலை! வெயிலும் பர்ஸ் சூடும் ஆணுறைக்கு ஆகாது. தேதியைப் பாருங்கள், பாக்கெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும், சப்பென்று இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஒவ்வொரு முறையும் பிசகாமல் போட்டால் வருடத்தில் 100-க்கு 2 பேருக்குத்தான் கரு தங்கும், நடைமுறையில் அது 13 வரை போகிறது. பாலுறவில் பரவும் எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா எல்லாவற்றுக்கும் நல்ல தடுப்பு. ஹெர்ப்பீஸ், எச்.பி.வி., சிஃபிலிஸ் போன்றவை உறை மூடாத தோல் வழியாகவும் தொற்றும் என்பதால் அங்கே பாதுகாப்பு குறைவு. கிழிந்து சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை அதற்குள் தொடங்கியாக வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அங்கேயே நம்பிக்கை மையம் இருக்கிறது, செலவில்லை.

நிரோத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது வாடைக்காக இல்லை, பல நாள் சுகாதார நிலையத்துக்குப் போனால் நிரோத் பெட்டி காலியாக இருக்கும்.