செந்தூல் தடை ஓட்டப் பயிற்சிக் கூடம்: பிழிந்தெடுக்கவும் தெரியும், ஓய்வு கொடுக்கவும் தெரியும்

சுவர் தாண்டி, கயிறு ஏறி, கம்பியில் தொங்கி ஓடும் ஸ்பார்ட்டன் மாதிரி தடை ஓட்டங்களுக்குத் தயாராகக் கோலாலம்பூரில் எங்கே சேரலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம், செந்தூல் பக்கம் பழைய கடைவரிசைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னக் கூடம். குறைகளையும் எழுதப் போவதால் பெயரை இங்கே போடவில்லை, வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள். ஏர்கோன் கிடையாது, சுவர் முழுக்கக் கண்ணாடியும் கிடையாது. தொங்கிப் போக இரும்புச் சட்டம், கயிறு, மணல் நிரப்பிய வாளிகள், தாண்டுவதற்கு ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். ஆனால் எந்த நாள் உடம்பைப் பிழிய வேண்டும், எந்த நாள் விட்டுவிட வேண்டும் என்பதை இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், தடை ஓட்டம் ஓடும் களைப்பு, கையால் தொங்கித் தூக்கும் களைப்பு என்று இரண்டு விதக் களைப்பையும் ஒரே உடம்பின் மேல் ஏற்றுகிறது. ஸ்பார்ட்டனில் ஸ்பிரிண்ட் என்பது 5 கிலோமீட்டர், 20 தடைகள். சூப்பர் 10 கிலோமீட்டர், 25 தடைகள். பீஸ்ட் 21 கிலோமீட்டர், 30 தடைகள். ஒரு தடையில் தோற்றால் 30 பர்பி (குந்தி, தரையில் படுத்து, எழுந்து குதிக்கும் பயிற்சி) என்பதுதான் ரொம்ப காலம் இருந்த வழக்கம். அந்தப் பயத்திலேயே புதிதாக வருகிறவர்கள் தினமும் கம்பியில் தொங்குகிறார்கள், அது போதாதென்று ஓய்வு நாளில் சும்மா இருக்க முடியாமல் பத்துமலையின் 272 படிகளையும் திரும்பத் திரும்ப ஏறி இறங்குகிறார்கள். தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். விரலிலும் முழங்கையிலும் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அப்படி இல்லை, அவை பலமாவதற்குத் தசையைவிட நிறைய நாள் எடுக்கும். அதனால்தான் பிடி நன்றாக வந்துவிட்டது என்று ஆள் சந்தோஷப்படும் நேரத்தில் முழங்கையின் உள்பக்கம் வலி ஆரம்பிக்கிறது, அதோடு பல பேருடைய சீசன் முடிந்துபோகிறது.

இங்கே செவ்வாய்க்கிழமைதான் கடினமான நாள். கயிறு, சட்டம், வாளி எல்லாம் அன்றைக்கே. புதன்கிழமை செவ்வாயில் வந்த குழுவுக்கு வகுப்பே இல்லை, வந்து நின்றாலும் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் திருப்பி அனுப்பிவிடுவார். வியாழன் மேட்டில் நான்கு நிமிட ஓட்டம், இடையில் நடை, கை வேலை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மறுபடி தொங்கலாம், ஆனால் செவ்வாயில் செய்ததில் பாதிதான். தொங்குகிற நாட்களுக்கு நடுவே இத்தனை இடைவெளி தேவையா என்று கேட்பவர்களிடம் அவர் வாதம் செய்வதில்லை, விரலை மடக்கி முஷ்டி பிடிக்கச் சொல்கிறார். காலையில் விரல் விறைத்துப்போய் மடங்க மறுத்தால் அன்றைக்குக் கம்பி கிடையாது, அவ்வளவுதான் சட்டம்.

ஞாயிறு காலை காசிங் மலை. எனக்கு இந்தக் கூடத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான். மெதுவாக ஓட வேண்டும், பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட வேண்டும், மூச்சு வாங்கினால் நடக்க வேண்டும். “அக்கா, பேச்சு நின்னு போச்சு, நடங்க” என்று பின்னாலிருந்து குரல் வரும். கேட்க எளிதாக இருக்கிறது, செய்யும்போது வேகமாகப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். லேசான நாளில் கொஞ்சம் வேகமாக ஓடிவிட்டு, கடினமான நாளில் அதே களைப்போடு வந்து பாதி பலத்தில் முடிக்கிறவர்கள்தான் மாதக்கணக்கில் முன்னேறாமல் நிற்பவர்கள். அதிலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு கூடுதலாகவே இருக்கும், குளிர் நாட்டு அட்டவணையில் போட்டிருக்கும் வேகத்தை இங்கே பிடிக்கப் பார்த்தால் லேசான ஓட்டம் என்று ஒன்றே இருக்காது. இங்கே கடிகாரத்தைப் பார்க்க விடுவதில்லை, மூச்சைத்தான் கவனிக்கச் சொல்கிறார்கள்.

நான்காவது வாரம் வந்தால் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுவார்கள், போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமும் அப்படியே. குறைவது அளவு மட்டும்தான், செய்கிற கொஞ்சத்தைப் பழைய வேகத்தில் செய்ய வேண்டும். பின்பக்கம் ஐஸ் தொட்டி ஒன்று இருக்கிறது. எடை தூக்கும் நாளில் அதில் இறங்க விடமாட்டார்கள். பளு தூக்கிய உடனே வழக்கமாகக் குளிர்ந்த நீரில் உட்கார்ந்தால் தசை வளர்ச்சி குறைகிறது என்று 2015இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது, மாஸ்டர் அதைப் படித்திருக்கிறார். தொட்டியைக் காட்டித் தனிப் பேக்கேஜ் விற்காத இடம் என்பதற்காகவே கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

இன்னொன்று, எந்தக் களைப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் உடனே மருத்துவமனை. சேற்று ஓட்டம் முடிந்து சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சல் வந்தால் உடம்பு வலி என்று படுத்துவிடாமல், சேற்று நீரில் இருந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் போட்டிக்குப் பிறகு வீரர்கள் நிறைய பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது, இது நம் நாட்டிலேயே நடந்த விஷயம்.

சரி, குறைகள். முதலாவதும் பெரியதும் நேரம். மாலை வகுப்பு எட்டரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிகிறது. அதன் பிறகு எல்லாரும் மாமாக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்து வீடு போய்ச் சேர நடுராத்திரி, காலையில் ஆறு மணிக்கு வேலைக்கு எல்ஆர்டி ரயில். உடம்பு தேறுவதற்குத் தூக்கத்தைவிடப் பெரிய மருந்து இல்லை, ஓய்வைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவர்கள் செவ்வாய் வகுப்பையாவது ஏழு மணிக்கு மாற்ற வேண்டும். நான் கேட்டுப் பார்த்தேன், இன்னும் மாறவில்லை.

இரண்டாவது, அவர்கள் கொடுக்கும் சாப்பாட்டுத் தாள். கோழி நெஞ்சுக்கறி, முட்டை வெள்ளை, மறுபடி கோழி. குழுவில் பாதிப் பேர் தமிழர்கள், புரட்டாசி முழுக்கச் சைவம், தைப்பூசத்துக்கு விரதம். புளிக்கவைத்த சோயாவான தெம்பேயில் 100 கிராமுக்குச் சுமார் 19 கிராம் புரதம் இருக்கிறது, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில்கூட மலிவாகக் கிடைக்கிறது, அதைத் தாளில் சேர்க்க என்ன தடை? பருப்பு, தவ்ஃபூ, தயிர் எதுவும் இல்லை. விரதக் காலத்தில் கடின நாளைக் குறைக்கலாமா என்று வாய்விட்டுக் கேட்டால் மாஸ்டர் நன்றாகவே மாற்றிக் கொடுக்கிறார், ஆனால் கேட்கத் தெரியாத புதியவர்கள் வெறும் வயிற்றோடு கயிறு ஏறுகிறார்கள். இதைச் சரிசெய்ய ஒரு பக்கம் அச்சடித்தால் போதும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள்: மின்விசிறி போதாது, வியர்வையில் கம்பி வழுக்கும், மாலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

கட்டணம் மாதம் 220 வெள்ளி, ஞாயிறு மலை ஓட்டமும் அதில் சேர்த்தி. மாரத்தான் ஓடிப் பழகி, கையில் பலம் இல்லாதவர்களுக்கு இது மிகப் பொருத்தம். தினமும் தரையில் விழும் அளவுக்கு வியர்த்தால்தான் பயிற்சி என்று நினைப்பவர்கள் முதல் மாதம் பொறுமையாக இருக்க வேண்டும், அட்டவணையை அவர்கள் மாற்றித் தரமாட்டார்கள். சேருவதற்கு முன் சனிக்கிழமை காலை இலவச வகுப்புக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், வார நாள் காலைக் குழுவில் இடம் இருந்தால் மாலையை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.