பாஸ்டன் படிக்கட்டும் சியாட்டில் ஜன்னலும்

‘சியர்ஸ்’, ‘ஃபிரேசியர்’ ஆகிய இரண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களும் லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கில் படமாக்கப்பட்டவை. ‘சியர்ஸ்’ (1982–1993), பாஸ்டனின் பீக்கன் தெருவில் உள்ள நிஜ மதுக்கூடத்தின் வாசலைக் காட்டியது. அதை நம்பிப் படியிறங்கிய ரசிகர்கள் உள்ளே கண்டது வேறோர் அறை. திரையில் கூடத்தின் நடுவே நாற்புறமும் ஆட்கள் சூழ்ந்திருந்த, மது பரிமாறும் அந்த மேசை அங்கே இருக்கவில்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. வாசல் உண்மை என்றால் வீடும் உண்மை என்றுதானே மனம் நம்பும்?

‘சியர்ஸ்’ தொடரிலிருந்து பிறந்த ‘ஃபிரேசியர்’ (1993–2004) சியாட்டிலில் நடப்பது. நாயகன் வீட்டு ஜன்னலில் ஸ்பேஸ் நீடில் கோபுரம் அத்தனை அழகாக நிற்கும். அந்தக் குடியிருப்பே கற்பனைதான். ஆகவே எவரும் கதவைத் தட்டி ஏமாறப் போவதில்லை. ஆனால் சியாட்டிலின் கெர்ரி பூங்காவில் நின்றால் ஏறக்குறைய அதே காட்சி நிஜமாகவே கிடைக்கும்.