சத்துவாச்சாரி மாலை நேர ஆங்கில வகுப்பு: கேள்வி கேட்கப் பழக்குகிற இடம்

சத்துவாச்சாரியில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்தும் ஆங்கில வகுப்பு இது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. மாதம் 800 ரூபாய். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலூரில் இதைவிட நல்ல வகுப்பை நான் பார்க்கவில்லை.

காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிறேன். சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அரைகுறை இந்தியில் வாடகை பேசிவிடலாம். ஆனால் அப்பாயின்ட்மென்ட், ரத்தப் பரிசோதனை என்று பேச்சு போனால் ஆங்கிலம்தான். நோயாளியோடு வந்தவர் கலங்கி நிற்கும்போது, அவரிடம் சரியாக ஒரு கேள்வி கேட்க முடிவது எனக்குப் பெரிய விஷயம்.

முன்பு நான் சேர்ந்திருந்த இடத்தில் முதல் நாளே பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ். பரீட்சைக்கு உதவலாம், வாய் திறக்க உதவவில்லை.

இந்த டீச்சர் தமிழிலிருந்து தொடங்குகிறார். "அப்பா டாக்டரைப் பார்த்தார்" என்றாலும் "டாக்டரை அப்பா பார்த்தார்" என்றாலும் பார்த்தவர் அப்பாதான். 'டாக்டரை' என்பதில் இருக்கிற 'ஐ' அதைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயரோடு அப்படி ஒட்டுவது எதுவும் இல்லை, சொல் நிற்கிற இடம்தான் பேசும். இடம் மாறி "த டாக்டர் சா மை ஃபாதர்" என்றால் பார்த்தவர் டாக்டர் ஆகிவிடுவார். அதனால் ஆள், வினை, மற்றது என்ற வரிசை நாக்கில் உட்காரும்வரை விடமாட்டார். "ரூம் காலி" என்பது தமிழில் முழு வாக்கியம், ஆங்கிலத்தில் நடுவே 'இஸ்' வேண்டும். 'எனக்கு' என்று நாம் தொடங்கும் வாக்கியங்கள் பலவும் அங்கே 'ஐ' என்று தொடங்கும்: எனக்குத் தெரியும், ஐ நோ, எனக்கு வேண்டும், ஐ வான்ட், எனக்குக் காய்ச்சல், ஐ ஹேவ் எ ஃபீவர்.

கேள்விப் பாடத்துக்காகவே இந்த வகுப்பில் சேரலாம். நம்மில் பலர் "டிட் ஹி கேம்" என்கிறோம். "வந்தார்" என்பதோடு 'ஆ' சேர்த்தால் நமக்குக் கேள்வி, வினை மாறாது. அந்தப் பழக்கத்தில் 'கேம்' என்பதையும் மாற்றாமல் வைத்துவிடுகிறோம் என்கிறார் டீச்சர். ஆங்கிலக் கேள்வியில் இறந்தகாலத்தை 'டிட்' எடுத்துக்கொள்ளும், மிச்சம் வெறும் 'கம்': "டிட் ஹி கம்". 'ஹி கம்ஸ்' என்பதில் உள்ள 'ஸ்' கேள்வியில் 'டஸ்' பக்கம் போய்விடும்: "டஸ் ஹி கம்". கரும்பலகையில் அந்த எழுத்தை வினையிலிருந்து அழித்து, முன்னால் கொண்டுபோய் எழுதுவார். வராததைச் சொல்லும்போதும் இதே கணக்கு: "ஹி டஸின்ட் கம்", "ஹி டிடின்ட் கம்". 'இஸ்' உள்ள வாக்கியத்துக்கு இது எதுவும் வேண்டாம், இடம் மாற்றினால் போதும்: "இஸ் த ரூம் ரெடி?" யார் வந்தது என்று கேட்க 'டிட்'டும் வேண்டாம், "ஹூ கேம்?" சரிதான். இப்படிப் பிரித்துச் சொல்ல எனக்குப் பள்ளியில் ஆள் இல்லாமல் போனதே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

குறைகளும் உண்டு. 'எ' எங்கே, 'த' எங்கே என்பதை அவசரமாக முடித்துவிட்டார். தமிழில் இல்லாத சங்கதி என்பதால் அதற்குத்தான் கூடுதல் நேரம் வேண்டும். உச்சரிப்பை அவ்வளவாகத் திருத்துவதில்லை. மாடிக்கு ஷீட் கூரை, வேலூர் மே மாத வெயிலில் இரவு ஏழு மணிக்கும் அனல் இறங்காது. ஃபேன் ஒன்றுதான், அதுவும் முன்வரிசைக்கு.

வங்கித் தேர்வு, ஐ.இ.எல்.டி.எஸ். என்று மதிப்பெண்ணுக்காகப் படிப்பவர்களுக்கு இது சரிவராது. மருந்துக்கடை, லேப், லாட்ஜ், துணிக்கடை என்று நாள் முழுக்க வெளியூர்க்காரர்களோடு பேசுகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். பெண்கள் தயங்க வேண்டாம். வகுப்பில் பாதிக்கு மேல் நாங்கள்தான், எட்டரைக்குள் விட்டுவிடுவார். மாத நடுவில் யாரையும் சேர்ப்பதில்லை, முதல் வாரத்திலேயே நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.