நாலு எலிமென்ட் ஆன்டி ஜாமிங் ஆன்டெனா: ரெண்டரை வருஷம் ஓட்டினதுல தெரிஞ்சது

ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது மைனஸ் 130 டிபிஎம் பக்கம்தான், இரைச்சலுக்கும் கீழ. அதனால ரோட்டுல போற லாரில சிகரெட் லைட்டர் சாக்கெட்ல ஒரு குட்டி ஜாமர் (இரைச்சலைக் கொட்டி ஜிபிஎஸ்ஸை மறைக்கிற கருவி) சொருகியிருந்தாலே நம்ம ரிசீவர் முழிக்கும். எங்க சர்வே படகுக்கு இதே தலைவலி, துறைமுக கேட் பக்கம் போனாலே பொசிஷன் காலி. அதுக்குத்தான் ஜாமரை அமுக்குற இந்த ஆன்டெனாவை வாங்கினோம், நாலு எலிமென்ட்னா நாலு குட்டி ஆன்டெனா சேந்தது.

வேலை செய்யுதான்னா, செய்யுது. பழைய ஆன்டெனாவுல சிக்னல் பலம் 44 டிபி ஹெர்ட்ஸ்னு காட்டுற சாட்டிலைட் கேட் கிட்ட 27க்கு விழுந்து அப்புறம் ரிசீவரோட பிடியே விட்டுப் போயிடும், இதுல 39, 40ல நிக்குது. உள்ள நடக்குறது என்னன்னா, ஜிபிஎஸ்ஸோட எல்1 அலைவரிசைக்கு அலைநீளம் 19 செ.மீ, அதுல பாதி தள்ளித்தள்ளி எலிமென்ட் வச்சிருக்கான், ஒண்ணை அப்படியே விட்டுட்டு மத்த மூணோட ஆம்ப்ளிட்யூடையும் ஃபேஸையும் (இந்த ரெண்டையும் சேத்துத்தான் வெயிட்னு சொல்றது) மாத்தி மாத்திக் கூட்டி மொத்த பவரைக் குறைச்சுக்கிட்டே போகுது, சாட்டிலைட்தான் இரைச்சலுக்குள்ள முங்கிக் கிடக்கே, குறையுற பவர் அத்தனையும் ஜாமரோடதுதான். அது எந்தத் திசைன்னு நாம சொல்லவே வேணாம்.

ஜாமர் ஒண்ணு, நல் (ஒரு திசையில இருந்து வர்றதை அமுக்குற பள்ளம்) மூணு, தாராளம்னு நெனச்சேன். மொத மூணு மாசம் படாதபாடு! ரேடார் கம்பத்துக்குப் பக்கத்துலயே மாட்டியிருந்தோம், கம்பம், கைப்பிடி, கேபின் கூரைன்னு எதுல பட்டுத் திரும்பினாலும் அது கொஞ்சம் லேட்டா வேற திசையில இருந்து வர்ற இன்னொரு ஜாமர் மாதிரிதான், மூணு நல்லும் அங்கேயே தீந்துடுச்சு. தனிக் கம்பம் போட்டு ஒன்றரை மீட்டர் ஏத்தினோம், செட்டிங்ஸ்ல ஒண்ணையும் தொடல, சரியாயிடுச்சு.

ஆர்டிகேல (செ.மீ துல்லியத்துல பொசிஷன் எடுக்கற முறை) பயன்படுத்துறவங்க உஷாரா இருங்க. பெயின்ட் அடிக்க போட்டைக் கரையேத்தி வச்சிருந்தப்ப சும்மா பொசிஷனைப் பதிவு பண்ணிப் பாத்தேன், அசையாம நிக்கிற போட்டோட உயரம் ஜாமர் வர்ற நேரத்துல மட்டும் 3 செ.மீ ஏறி இறங்குது, ஆனா ஃபிக்ஸ் (செ.மீ துல்லியம் கிடைச்சாச்சுன்னு ரிசீவர் காட்டுற நிலை) போகவே இல்ல. வெயிட் மாற மாற ஆன்டெனாவோட ஃபேஸ் சென்டரும் (சிக்னல் வந்து சேர்றதா கணக்குல எடுத்துக்கற புள்ளி) நகருது, டேட்டா ஷீட்ல இதைப் பத்தி ஒரு வரி கிடையாது. வித்தவங்களைக் கேட்டா ஃபர்ம்வேர் வருதுன்னாங்க, வர ஒரு வருஷம் ஆச்சு, பாதிதான் குறைஞ்சுது. இப்போ ஜாமிங் ஃபிளாக் (ஜாமர் இருக்குங்கற எச்சரிக்கை) வந்த நேரத்து உயரத்தை நாங்க எடுத்துக்கறதே இல்ல.

போன மழைக்கு ஒரு கனெக்டர்ல தண்ணி இறங்கி ஒரு சேனல் செத்துப்போச்சு, ரெண்டு வாரம் யாருமே கவனிக்கல, ஏன்னா ஜாமர் இல்லாத நேரத்துல எல்லாம் நல்லாத்தான் ஓடுது. வெயிட்டைப் பதியுற ஃபைல்ல ஒரு நெடுவரிசை மட்டும் ஜீரோ கிட்டயே நிக்குறதைப் பாத்துத்தான் புடிச்சேன், திறந்தா உள்ள பச்சையா பூத்திருக்கு. இப்போ மாசாமாசம் அந்த ஃபைலைப் பாத்துடுறேன்.

இன்னொண்ணு, இது ஸ்பூஃபிங்குக்கு (போலி ஜிபிஎஸ் சிக்னல் அனுப்பித் தப்பான இடத்தைக் காட்ட வைக்கிறது) மருந்து இல்ல, போலி சிக்னலும் மெலிசா வந்தா பவர் பாக்குற ஆன்டெனாவுக்கு அது கண்ணுலயே படாது.

ஏழு எலிமென்ட் வாங்கலாமான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. மொதல்ல கம்பத்தை இன்னொரு மீட்டர் ஏத்திப் பாப்போம்னு சொல்லி வச்சிருக்கேன்.