கிளிநொச்சிக் கந்தோருக்கு எது பொருந்தும்: சறுக்கா, விறாந்தை ஊஞ்சலா?

ஏ9 வீதியோரம் சின்னதாக ஒரு மென்பொருள் கந்தோர் திறக்க நினைப்பவருக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று கூகுளின் சூரிச் கந்தோர் பாணி. மாடியிலிருந்து இறங்கச் சறுக்கு, கேபிள் கார் பெட்டிக்குள் கூட்ட அறை, நிறம் நிறமான கதிரைகள். கண்ணைப் பறிக்கும், புதியவர்களை இழுக்கும். ஆனால் வன்னி வெயிலில் கண்ணாடிச் சுவருக்குள் ஏசி இல்லாமல் இருக்கவே முடியாது. கரண்ட் போனால் வேலையும் போச்சு.

மற்றது அகலமான விறாந்தை, ஊஞ்சல், பனையோலைப் பாய், முற்றத்தில் வேம்பு. ஊஞ்சல் பலகையில் இரண்டு பேர் அருகருகே இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கதைக்கலாம். மேசைக்கு முன்னால் வாய் திறக்காத பெடியனும் பெட்டையும் அங்கேதான் யோசனை சொல்லுவினம். சுவரில் கரும்பலகைப் பெயின்ற் அடித்தால் யாரும் எழுதலாம், அழிக்கலாம். குறை புழுதிதான், சோளகம் தொடங்கினால் கீபோட்டெல்லாம் செம்மண். மாரியில் சாரலும் அடிக்கும். கணினிகளை உள்ளறையில் வைக்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1943இல் போருக்காக அவசரமாகப் பலகையால் கட்டிய 20ஆம் இலக்கக் கட்டடம் 1998இல்தான் இடிக்கப்பட்டது. தேவைப்பட்டபோது சுவரைத் துளைத்து வயர் இழுத்தார்கள். புதுப்புது ஆய்வுகள் பிறந்த இடம் அது. அதுபோல இருப்பவரே மாற்றக்கூடிய இடம் என்பதால் என் தெரிவு விறாந்தை. சறுக்குக்கு ஒதுக்கும் காசில் முதலில் சோலார் பூட்டுங்கோ.